கதைக்குள்ளேயே நிற்பது

வீட்டில் ஓயாத சண்டையைப் பார்த்து வளரும் ஏழு வயதுக் குழந்தையிடம் "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். அதே குழந்தையின் முன் ஓர் ஓநாய்ப் பொம்மையையும் ஒரு முயல் பொம்மையையும் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டால், சிறிது நேரத்தில் முயல் ஒளிவதற்கு இடம் தேடத் தொடங்கலாம். ஓநாய் வீட்டைச் சுற்றிச் சுற்றி வரலாம். முயலின் அம்மாவுக்குக் காது கேட்காமல் போயிருக்கலாம். முதலில் கேட்ட கேள்விக்குக் குழந்தை பொய் சொல்லிவிடவில்லை. தன்னைப் பற்றிப் பேசச் சொன்னபோது அகப்படாத சொற்கள் முயலுக்காகப் பேசும்போது அகப்படுகின்றன, அவ்வளவுதான். கதைசொல்லலும் நாடகமும் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் சிகிச்சையாகப் பயன்படுவது, குழந்தைக்கும் முயலுக்கும் இடையே இருக்கும் இந்தத் தூரத்தால்தான் என்பது என் எண்ணம். அந்தத் தூரத்தை அவசரப்பட்டு இல்லாமல் செய்துவிடுவதே, பெரியவர்கள் இதில் செய்யும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

நாடக சிகிச்சையாளர்கள் இந்தத் தூரத்தை அளந்தே கையாளுகிறார்கள். சமூகவியலாளர் தாமஸ் ஷெஃப் 1979இல் எழுதியதை அடியொற்றி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இத்துறையைக் கற்பித்த ராபர்ட் லாண்டி மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டினார். தூரம் மிகுந்துவிட்டால் ஒருவர் தமக்கு நேர்ந்ததை உணர்ச்சியே இல்லாமல் ஒப்பிப்பார். குறைந்துவிட்டால் பழைய வேதனை அப்படியே பொங்கி எழுந்து அவரை மூழ்கடித்துவிடும். இரண்டுக்கும் நடுவே, உணரவும் உணர்வதைத் தானே பார்க்கவும் முடிகிற ஓரிடம் உண்டு. சிகிச்சையாளரின் கைத்திறன் முழுவதும் குழந்தையை அந்த இடத்தில் நிறுத்திவைப்பதில் இருக்கிறது. மிகவும் பயந்துபோன குழந்தைக்கு அரக்கனும் கரடியும் உலவும் தொலைதேசத்துக் கதை பொருந்தும். எதையும் வெளிக்காட்டாத பதின்வயதினருக்கு, அவர் வயதினரே வரும், அவர் வாழ்க்கைக்கு நெருக்கமான காட்சி பொருந்தும். முகமூடி, பொம்மை, வேறொரு பெயர், "எப்போதோ நடந்தது" என்ற தொடக்கம் ஆகியவை தூரத்தைக் கூட்டுகின்றன. சொந்தப் பெயரில் நடிப்பதும் நிகழ்காலத்தில் பேசுவதும் அதைக் குறைக்கின்றன. ஒரே அமர்வுக்குள் பலமுறை இவற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த எண்ணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1889இல் புக்கரெஸ்டில் பிறந்த ஜேக்கப் மொரேனோ, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் வியன்னாவில் மாணவராக இருந்தபோது, பூங்காக்களில் குழந்தைகளைக் கூட்டிக் கதை சொல்வதும், அவர்களோடு சேர்ந்து கதைகளை நடித்துப் பார்ப்பதுமாக இருந்தார். 1925இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அவர் வளர்த்தெடுத்த சைக்கோடிராமா என்ற உளநாடக முறை பெரும்பாலும் வயதுவந்தோரை நோக்கிச் சென்றது என்றாலும், அதன் விதை குழந்தைகளின் விளையாட்டில் இருக்கிறது. பிரிட்டனில் பீட்டர் ஸ்லேட், குழந்தைகளின் நாடக விளையாட்டு தன்னளவில் முழுமையான ஒரு கலை வடிவம் என்றும், மேடை நாடகத்தின் குறைபட்ட முன்வடிவமாக அதைக் கருதக் கூடாது என்றும் 1954இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். நாடக சிகிச்சை தனித் தொழிலாக அமைப்புக் கண்டது 1970களில். அமெரிக்காவில் அதற்கான சங்கம் 1979இல் தொடங்கப்பட்டது.

இவர்களுக்குப் பின் வந்தவர்களில் பிரிட்டனைச் சேர்ந்த சூ ஜென்னிங்ஸ் சொன்னது நடைமுறையில் மிகவும் உதவுவது. பிறப்பு முதல் ஏறத்தாழ ஏழு வயது வரை குழந்தையின் நாடக வளர்ச்சி மூன்று படிகளாக நடக்கிறது என்றார் அவர்: முதலில் உடலால் உலகை அறிவது, அடுத்து மண், வண்ணம், பொம்மை ஆகிய வெளிப்பொருள்களின் மேல் தன் உணர்வை ஏற்றிப் பார்ப்பது, அதன் பிறகு தானே வேடமேற்பது. வயதுப்படி மூன்றாம் படியில் இருக்க வேண்டிய குழந்தை, பட்ட துயரத்தால் ஒடுங்கி, "நீ ராஜாவாக இரு" என்று சொன்னதும் உறைந்து நின்றுவிட்டால், சிகிச்சையாளர் படி இறங்கி வருவார். துணிக்குள் சுருண்டு உருள்வது, தாளத்துக்கு அடி வைப்பது, களிமண்ணை அறைந்து பிசைவது என்று உடலிலிருந்தே மீண்டும் தொடங்குவார். விருந்தினர் முன் நடித்துக் காட்டும்படி கூச்சமுள்ள குழந்தையை வற்புறுத்தும் பெற்றோர் இந்த ஒரு பகுதியையாவது படித்தால் நல்லது.

கதை உருவாக்கும் முறைகளில் என்னை மிகவும் கவர்ந்தது இஸ்ரேலிய உளவியலாளர் மூலி லஹத் வகுத்த ஆறு பகுதிக் கதை. எல்லைப்புற நகரம் ஒன்றில், தொடர்ந்து தாக்குதல் அச்சத்தில் வாழ்ந்த மக்களிடையே பணியாற்றியவர் அவர். செய்முறை எளிமையானது. ஒரு காகிதத்தை ஆறு கட்டங்களாகப் பிரித்து, முதல் கட்டத்தில் கதையின் நாயகரையும் அவர் வாழும் இடத்தையும் வரையச் சொல்கிறார்கள். அடுத்து, அவர் செய்து முடிக்க வேண்டிய வேலை. பிறகு, அவருக்குத் துணையாக இருக்கும் ஆளோ பொருளோ. நான்காவதாக, குறுக்கே வரும் தடை. ஐந்தாவதாக, அவர் அந்தத் தடையை எதிர்கொள்ளும் விதம். கடைசிக் கட்டத்தில், அதன் பின் நடந்தது. ஓவியத் திறமை தேவையில்லை, குச்சி குச்சியாக வரைந்தாலே போதும். வரைந்து முடித்தபின் குழந்தை தொடக்கத்திலிருந்து முடிவுவரை கதையைச் சொல்லும். குறுக்கே யாரும் பேசக் கூடாது. கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையில் லஹத் தேடியது நோயின் அடையாளத்தை அன்று; குழந்தை இடுக்கணை எப்படித் தாங்குகிறது என்பதை. நம்பிக்கை, உணர்ச்சி, பிறருடன் உறவு, கற்பனை, அறிவு, உடல் என ஆறு வழிகளில் மனிதர்கள் நெருக்கடியைச் சமாளிக்கிறார்கள் என்பது அவருடைய மாதிரி. ஒரு குழந்தையின் நாயகன் தடையைக் கண்டதும் வரைபடம் வரைந்து திட்டமிடுவான். இன்னொரு குழந்தையின் நாயகி நண்பர்களைக் கூப்பிடுவாள். மற்றொன்றில் எல்லோரும் ஓட்டம் பிடிப்பார்கள். பயப்படுகிற குழந்தையிடம் "யோசித்துப் பார்" என்று ஓயாமல் அறிவுவழியில் பேசிக்கொண்டிருக்கும் தந்தைக்கு, தம் மகள் சமாளிப்பது உடலாலும் கற்பனையாலும் என்று தெரியவருவதே ஒரு திறப்பு.

துணைக்குரிய மூன்றாம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். "இந்த அணிலுக்கு உதவ யாருமில்லை" என்கிறது அது. கேட்ட மாத்திரத்தில் நமக்கு மனம் பதறி, "ஏன் இல்லை, ஒரு தேவதை வருகிறாள் பார்" என்று சொல்லத் தோன்றும். அந்தத் தேவதை நம்முடைய பதற்றத்துக்குத்தான் துணை. அணிலுக்கு அவளால் ஒரு பயனும் இல்லை. பயிற்சி பெற்றவர் காலிக் கட்டத்தைக் காலியாகவே ஏற்றுக்கொண்டு, கதைக்குள் நின்றபடி கேட்பார்: இவ்வளவு தூரம் தனியாக வந்த அணிலுக்கு எது கைகொடுத்தது? இதற்கு முன் இந்தக் காட்டைக் கடந்தவர்களைப் பற்றி அது கேள்விப்பட்டிருக்கிறதா? இராத்திரியில் அது எங்கே படுத்துக்கொள்ளும்? இக்கேள்விகள் எவற்றுக்கும் சரியான விடை என்று ஒன்று கிடையாது. துணை என்பது குழந்தையின் கதையில் தானாக முளைக்க எட்டு வாரம் ஆகுமென்றால் ஆகட்டும்.

இதே களத்தில் வேறொரு வழியை அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1971இல் முன்வைத்தார். குழந்தை தன் சொந்தக் கற்பனையில் ஒரு கதை சொல்ல வேண்டும், படித்ததையோ பார்த்ததையோ சொல்லக் கூடாது. அதைக் கேட்ட மருத்துவர் அதே பாத்திரங்களையும் அதே களத்தையும் வைத்து, சிக்கல் இன்னும் ஆரோக்கியமான முறையில் தீர்வதாக மறுகதை சொல்வார். ஒரு கதைக்கு விளக்கவுரை எழுதாமல் இன்னொரு கதையாலேயே மறுமொழி சொல்லலாம் என்பது அருமையான யோசனை. ஆனால் கதையிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன என்று கேட்பதும் அந்த முறையின் ஒரு பகுதியாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் கதையை மருத்துவர் தவறாகப் புரிந்துகொண்டால், இரண்டாம் கதை எதிரில் இல்லாத ஒரு குழந்தைக்குச் சொல்லப்பட்டதாகிவிடும். பாடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டால் அந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது, ஏனெனில் பெரியவர்கள் எதிர்பார்க்கும் பாடத்தைச் சொல்லக் குழந்தைகள் மிகச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். மறுகதை சொல்வதானால், "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று குழந்தை மறுத்துவிடுவதற்கு அதில் இடம் இருக்க வேண்டும். கோபத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, பொறாமைக்கு ஒன்று என்று மாத்திரைகளாகக் கதைகளை அடுக்கித் தரும் தொகுப்புகளையும் நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

"அந்த முயல் நீதானே?" என்று கேட்பதுதான் இத்தொழிலில் மிகவும் மலிவான கேள்வி. கேட்கிறவருக்குத் தாம் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி. குழந்தைக்கோ ஒளிந்திருந்த இடம் பறிபோய்விடுகிறது. மறுவாரம் முயல் வராது. அதற்கு மாறாக, முயலின் வயிற்றுக்குள் பயம் எந்த இடத்தில் இருக்கிறது, அம்மாவுக்குக் கேட்கும்படி அது எப்படிக் கத்தலாம், ஓநாய் தூங்கும்போது அதன் முகம் எப்படி இருக்கும் என்றெல்லாம் முயலைப் பற்றியே எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். கதைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பைக் குழந்தையே ஒருநாள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சொல்லாமலே போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. வயதுவந்தோருக்கான பேச்சு சிகிச்சையில் தன்னை உணர்ந்து சொல்வதற்கு இருக்கும் மதிப்பை அப்படியே குழந்தைகளின் மேல் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. முயல் கத்தக் கற்றுக்கொண்ட சில வாரங்களில் குழந்தையும் பள்ளியில் ஆசிரியரிடம் வாய்திறந்து பேசத் தொடங்கினால், இரண்டையும் கோடு போட்டு இணைத்துக் காட்டும் தேவை யாருக்கு இருக்கிறது?

கதையை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது இதைவிட ஆபத்தானது. 1983இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் ஒரு மழலையர் பள்ளியின் மேல் எழுந்த பாலியல் கொடுமைப் புகாரைத் தொடர்ந்து, நூற்றுக்கணக்கான குழந்தைகள் பொம்மைகளின் துணையோடு விசாரிக்கப்பட்டார்கள். மற்றக் குழந்தைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்பது, எதிர்பார்த்த பதிலைப் பாராட்டுவது, பொம்மையை வைத்து "என்ன நடந்திருக்கும், பாவனை செய்து பார்ப்போம்" என்பது என அந்த விசாரணை நடந்தது. 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அங்கே கையாளப்பட்ட உத்திகளை 1998இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம் சோதித்தது. தங்களிடம் வந்துபோன ஒரு விருந்தாளியைப் பற்றிய பொய்யான கூற்றுகளில் 58 விழுக்காட்டுக்கு அந்தக் குழந்தைகள் "ஆம்" என்றார்கள். வெறுமனே தூண்டும் கேள்விகள் கேட்கப்பட்ட குழுவில் அது 17 விழுக்காடு. பாவனை உலகத்தில் எதுவும் நடக்கலாம் என்பதே விளையாட்டின் விதி. அந்த விதியை நம்பி உள்ளே வந்த குழந்தையிடமிருந்து சாட்சியம் பறிப்பது சிகிச்சையையும் கெடுக்கிறது, நீதியையும் கெடுக்கிறது. குழந்தை தானாகக் கதையை விட்டு வெளியே வந்து தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் நிலைமை வேறு: அப்போது பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, அமைதியாகக் கேட்டு, குழந்தைப் பாதுகாப்புக்குரிய சட்டப்படியான வழியில் செல்ல வேண்டும். ஓநாய் உண்மையிலேயே வீட்டில் இருக்குமானால் கதை அதற்குத் தீர்வாகாது.

கதைக்குள் நிற்பது என்றால் கைகட்டி வேடிக்கை பார்ப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்குள் புதைக்கப்பட்ட ஒரு வாகனத்தில் அடைக்கப்பட்டுத் தப்பிவந்த 26 குழந்தைகளில் பெரும்பாலோரை மனநல மருத்துவர் லெனோர் டெர் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பலருடைய விளையாட்டில் அந்தக் கடத்தல் திரும்பத் திரும்ப வந்தது. சாதாரண விளையாட்டில் ஏற்படும் ஆறுதல் அதில் ஏற்படவில்லை. ஒரே வரிசை, ஒரே முடிவு, சிரிப்பில்லாத முகம். அத்தகைய விளையாட்டைக் குழந்தை தானே தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது, காயத்தை மறுபடி மறுபடி கிளறவிடுவதாகும். அங்கே சிகிச்சையாளர் ஒரு பாத்திரமாகவே உள்ளே நுழைந்து ஒரு சிறு மாற்றத்தைக் கொண்டுவருவார்: பேருந்தில் ஒரு கைவிளக்கு இருக்கிறது, அல்லது வெளியே யாரோ தோண்டும் சத்தம் கேட்கிறது. குழந்தை அதை எடுத்துக்கொள்கிறதா, தள்ளிவிடுகிறதா என்று பார்த்து அடுத்த அடி வைப்பார்.

குடும்பம் முழுவதும் அறைக்குள் வரும்போது வேலை இரண்டு மடங்காகிறது. 1970களிலிருந்து வழக்கத்தில் உள்ள குடும்பப் பொம்மை நேர்காணலில், ஒரு பெட்டி நிறையப் பொம்மைகளைக் கொடுத்து, தெரிந்த கதை எதையும் எடுக்காமல் சொந்தமாக ஒரு கதை கட்டி, அதைச் சொல்லாமல் நடித்துக் காட்ட வேண்டும் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கதை தொடங்குவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். யார் முதலில் கைநீட்டுகிறார், யார் மற்றவர்களுக்கும் சேர்த்துப் பொம்மை தேர்ந்தெடுக்கிறார், சின்னவன் எடுத்த முதலையை யார் பிடுங்கி வைத்துவிட்டு "நல்லதாக ஒன்று எடு" என்கிறார், யாருடைய யோசனை மூன்று முறை சொல்லப்பட்டும் காதில் விழவில்லை — இவற்றையெல்லாம் எந்தக் கேள்வித்தாளும் வெளிக்கொணராது. நடித்து முடித்த பிறகு சிகிச்சையாளர் முதலில் பொம்மைகளோடுதான் பேசுவார், மனிதர்களோடு பிறகுதான். "ஆமையாரே, சிங்கம் கர்ஜித்தபோது நீங்கள் ஓட்டுக்குள் போய்விட்டீர்களே?" என்று கேட்டால், வீட்டில் எந்தப் பேச்சுக்கும் பிடிகொடுக்காத அப்பா ஆமைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் வைட் 1984இல் எழுதிய கட்டுரை, மலம் அடக்க முடியாமல் உடையில் போய்விடும் குழந்தைகளைப் பற்றியது. குழந்தையைக் குற்றவாளியாக்கியும் பெற்றோரை வெட்கத்தில் ஆழ்த்தியும் குடும்பத்தை இறுக்கிப் பிடித்திருந்த அந்தச் சிக்கலை அவர் ஒரு வெளி ஆசாமியாக மாற்றினார். திருட்டுக் கக்கா என்பது போன்ற ஒரு பெயரும் வைத்தார். அது எப்போது ஏமாற்றுகிறது, யார் யாரைச் சண்டை மூட்டிவிடுகிறது, எந்தெந்த நாள்களில் நீங்கள் அதை ஏமாற்றினீர்கள் என்று எல்லோரையும் கேட்டார். பெயர் வைத்த அளவில் குடும்பம் ஒரு பக்கமும் சிக்கல் மறுபக்கமுமாக அணி பிரிந்துவிடுகிறது. நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனோடு சேர்ந்து அவர் வளர்த்த கதைவழி சிகிச்சைக்கு இதுவே அடித்தளம். நாடகக்காரர்கள் இதை இன்னும் ஒருபடி கொண்டுபோய், அந்த ஆசாமிக்கு ஒரு நாற்காலி போட்டு, குடும்பத்தினர் ஒவ்வொருவராக அதில் அமர்ந்து அவனாகப் பேசும்படி செய்வார்கள்.

மொரேனோ தந்த பாத்திர மாற்றம் குடும்பத்தில் மிகவும் வலியது, ஆகவே மிகவும் எச்சரிக்கையோடு செய்ய வேண்டியதும்கூட. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் காட்சியில் மகள் அம்மாவாகவும் அம்மா மகளாகவும் மாறினால், தம் குரல் மகளின் வாயிலிருந்து வருவதைக் கேட்ட அம்மா சிரித்துவிடுவார், அல்லது சட்டென மௌனமாகிவிடுவார். இரண்டுமே பேச்சைத் தொடங்கிவைக்கும். ஆனால் அடிக்கிற ஒருவர் இருக்கும் வீட்டில், அடிபட்ட குழந்தையை அடித்தவராக நடிக்கச் சொல்வது கொடுமை. அன்றைய அமர்வில் குழந்தை சொன்ன ஒரு வசனத்துக்கு வீட்டுக்குப் போனதும் தண்டனை கிடைக்கக்கூடும் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் குடும்ப நாடகத்துக்கே அங்கு இடமில்லை. முதலில் பாதுகாப்பு, குழந்தையோடு தனி அமர்வு, மற்றவையெல்லாம் பிறகு.

வேடம் கலைப்பதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அரக்கனாக அரை மணி நேரம் உறுமிய குழந்தையை அப்படியே காலணி மாட்டி அனுப்பிவிட்டால், அரக்கன் இரவு உணவு வரைக்கும் கூடவே வருவான். முகமூடியைக் கழற்றிக் குறிப்பிட்ட பெட்டியில் வைப்பது, கை கால்களை உதறுவது, சொந்தப் பெயரைச் சொல்வது, அறையிலுள்ள ஐந்து பொருள்களைச் சுட்டிக்காட்டுவது என ஏதேனும் ஒரு சடங்கு ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இது தேவை.

சான்றுகளைப் பொறுத்தவரை அடக்கத்தோடு பேசுவதே நல்லது. நாடக சிகிச்சை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களை வைத்து நடந்தவை. முறைக்கு முறை வேறுபாடு இருப்பதால் ஒன்றையொன்று ஒப்பிடுவதும் கடினம். ஆகவே கடும் மனச்சோர்வுக்கோ பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்கோ இதுவே போதும் என்று யாரும் உறுதி கூறினால் நம்ப வேண்டியதில்லை. பிரிட்டனில் நாடக சிகிச்சையாளர் என்பது சட்டத்தால் காக்கப்பட்ட பட்டம். பதிவு செய்யாதவர் அதைப் பயன்படுத்த முடியாது. பல நாடுகளில் அத்தகைய தடை இல்லாததால், வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்தவரும் பெயர்ப் பலகை வைத்துவிடலாம்.

எனவே குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டே தீர வேண்டும்: எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள், உங்கள் பணியை மேற்பார்வையிடும் மூத்தவர் யார், என் குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள், உள்ளே நடப்பதில் எதை எனக்குச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் மிகவும் கூர்ந்து கவனிப்பேன். குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிய எதையும் மறைக்க மாட்டேன், எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை அவ்வப்போது சொல்வேன், ஆனால் ஒவ்வொரு வாரமும் முயல் என்ன சொன்னது என்பது எனக்கும் குழந்தைக்கும் இடையில்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் குழந்தையை விடலாம். எல்லாவற்றையும் வரி விடாமல் அறிக்கையாகத் தருகிறேன் என்று உற்சாகமாகச் சொல்பவரிடம், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் விட மாட்டேன்.